பலகையில் இல்லாத வரி

தமிழ்நாட்டில் எந்தக் கிளை நூலகத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு பலகை கண்ணில் படும். அமைதி காக்கவும். காலணியை வெளியே விடவும். பையும் குடையும் உள்ளே வேண்டாம். கைப்பேசியை அணைத்து வைக்கவும். புத்தகத்தில் கோடு போடாதீர். சில ஊர்களில் எழுத்தெல்லாம் மங்கி, ‘வெளியே’ என்ற சொல் மட்டும் பளிச்சென்று மிச்சமிருக்கும். திருப்பூர் மாநகராட்சிக்குள் பல்லடம் சாலையை ஒட்டிக் கிடக்கும் வீரபாண்டியில், டையிங்கும் நிட்டிங்கும் செக்கிங்குமாகப் பொழுது ஓடுகிற ஊரில், அப்படி ஒரு பலகையில் ‘துப்பாக்கியோடு உள்ளே வராதீர்’ என்று இன்னொரு வரி எழுதச் சொன்னால் பெயிண்டரே சிரித்துவிடுவார்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் அந்த வரி உண்மையிலேயே நூலக விதிகளில் இருந்தது. சிரிக்க யாரும் இல்லை. நீதிமன்றம் போய், கடைசியில் அந்த விதியை நூலகம் இழந்தது.

லான்சிங் நகரமும் இங்காம் கவுண்டியும் சேர்ந்து நடத்துவது கேப்பிடல் ஏரியா மாவட்ட நூலகம். 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும் ‘மிச்சிகன் ஓப்பன் கேரி’ என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் இடுப்பில் கைத்துப்பாக்கி வெளியே தெரியும்படி அங்கே வரத் தொடங்கினார்கள். ஒருவர் நீளத் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டே வந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் குழந்தைகள் படக்கதை புரட்டிக்கொண்டிருக்கும் இடம் அது. நூலகம் ஏற்கெனவே ஆயுதத் தடை விதி வைத்திருந்தது. அதைக் காட்டி வெளியே போகச் சொன்னது. ‘உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை’ என்று அவர்கள் சொன்னார்கள். கீழ்நீதிமன்றம் நூலகத்தின் பக்கம் நின்றது. 2012 அக்டோபரில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது.

நூலகத்தில் துப்பாக்கி நல்லது என்று அந்த நீதிபதிகள் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது வேறு. மிச்சிகனில் 1990-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது: நகரமோ, கிராமமோ, டவுன்ஷிப்போ, கவுண்டியோ துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றித் தனியாக விதி போடக் கூடாது, அது மாநிலத்தின் வேலை. நூலகம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆனாலும் ஒரு நகரமும் ஒரு கவுண்டியும் சேர்ந்து பெற்ற பிள்ளைக்குப் பெற்றவர்களுக்கு இல்லாத அதிகாரம் எங்கிருந்து வரும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கேட்டார்கள். மாநிலம் அந்தத் துறை முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் எதுவும் இல்லை.

இதைத்தான் அமெரிக்கச் சட்ட உலகம் ஒரு தனிக் கோட்பாடாக வளர்த்திருக்கிறது. மேலே உள்ள அரசு ஒரு விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டால், கீழே உள்ள உள்ளாட்சி அதில் கை வைக்கக் கூடாது. தமிழில் ‘மேல்சட்டத் தடை’ என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கும்போது புதிதல்ல. வீட்டில் பெரியவர் பேச்சு வார்த்தை நடத்திக்கொண்டிருக்கும்போது சின்னவன் தனியாகப் போய் வாக்குக் கொடுத்துவிட்டு வரக் கூடாது என்பதுதானே. சிக்கல் எங்கே என்றால், மேல்சட்டம் இரண்டு விதமாக இருக்கலாம். திண்ணை மாதிரி இருக்கலாம்: அதன்மேல் ஊர் தன் தேவைக்கு இன்னும் நாலு வரிசை செங்கல் அடுக்கிக்கொள்ளும். கூரை மாதிரியும் இருக்கலாம்: அதற்குமேல் ஒரு செங்கல்கூட ஏறாது. துப்பாக்கி விஷயத்தில் அமெரிக்க மாநிலங்கள் போட்டிருப்பது கூரை. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

ஃபுளோரிடா ஒரு படி மேலே போனது. 2011-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, தெரிந்தே துப்பாக்கி விதி போடும் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு 5,000 டாலர் வரை அபராதம். ஆளுநர் அவரைப் பதவியிலிருந்தும் நீக்கலாம். நகரங்களும் கவுண்டிகளும் வழக்குப் போட்டன. 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஒரு கவுன்சிலர் நூலகத்துக்காகத் தீர்மானம் கொண்டுவந்தால் தன் சொந்தப் பையிலிருந்து அபராதம் கட்ட வேண்டும் என்ற நிலையை நம் ஊர் வார்டு கூட்டத்தில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நியூ மெக்சிகோவில் இந்தத் தடை சாதாரணச் சட்டத்தில் இல்லை, மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது. எந்த நகராட்சியும் கவுண்டியும் ஆயுத உரிமையை எவ்விதத்திலும் ஒழுங்குபடுத்தக் கூடாது என்று 1986-ல் சேர்த்தார்கள். அந்த மாநிலத்தின் க்ளோவிஸ் நகரப் பொது நூலகத்தில் 2017 ஆகஸ்ட் 28-ஆம் தேதி 16 வயதுப் பையன் ஒருவன் சுட்டதில் நூலக ஊழியர் இருவர் இறந்தார்கள், நான்கு பேர் காயமடைந்தார்கள். துப்பாக்கிகள் அவன் அப்பாவின் பெட்டகத்திலிருந்து எடுத்தவை. வாசலில் பலகை இருந்திருந்தால் அவன் திரும்பிப் போயிருப்பானா? மாட்டான். தடை கேட்பவர்களும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே நேரம், கொலைகாரனைத் தடுக்காது என்பதற்காகப் பலகையே வேண்டாம் என்றால், திருட்டைத் தடுக்காத எல்லாப் பூட்டையும் கழற்றிவிட வேண்டியதுதான். லான்சிங் நூலகத்தில் பயந்தவர்கள் கொலைகாரனைப் பார்த்துப் பயப்படவில்லை. துப்பாக்கியோடு வந்து நிற்பவர் யார் என்று தெரியாமல் பயந்தார்கள்.

இதில் முரண்கள் நிறைய. 2018-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், பள்ளி மாவட்டங்கள் அந்த 1990 சட்டத்தின் பட்டியலில் இல்லை, ஆகவே அவை துப்பாக்கியைத் தடுக்கலாம் என்றது. ஆக, அதே குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை ஒரு விதி. மணி அடித்து நூலகத்துக்கு வந்ததும் வேறு விதி. இன்னொரு முரண் திருப்பூர்க்காரர்களுக்கு நெருக்கமானது. 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ நகர வால்மார்ட் கடையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த மாதமே, துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்து வர வேண்டாம் என்று வால்மார்ட் தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. திருப்பூர்ச் சரக்கு போய்த் தொங்கும் கடைகளில் அதுவும் ஒன்று. பனியன் விற்கும் கடைக்காரர் சொல்லக்கூடியதை, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நூலகம் சொல்ல முடியவில்லை. கடை தனியார் சொத்து. நூலகம் ஊர்ச் சொத்து. ஊர்ச் சொத்தாக இருப்பதுதான் அங்கே பலவீனம்.

வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் கதை கொஞ்சம் திரும்பியது. அங்கேயும் மேல்சட்டத் தடை உண்டு. அதன்படி பூங்காக்களில் சியாட்டில் நகரம் போட்ட தடை விழுந்தபின், 2011-ல் அந்நகரப் பொது நூலகமும் தன் தடையை விலக்கிக்கொண்டது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2024-ல், மாநிலச் சட்டமன்றமே நூலகம், விலங்குக் காட்சிசாலை, போக்குவரத்து நிலையங்களில் துப்பாக்கி கூடாது என்று சட்டம் போட்டது. மறைத்து வைத்துச் செல்லும் உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு வைத்தார்கள். பூட்டியவர்தான் திறக்க முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம். எல்லா மாநிலத்திலும் பூட்டியவருக்குத் திறக்கும் எண்ணம் வருவதில்லை.

இனி நம் பக்கம்.

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை கிடைக்கும். மத்தியப் பட்டியலின் 5-ஆம் இனம்: ஆயுதங்கள், துப்பாக்கிகள், வெடிமருந்து, வெடிபொருள்கள். மாநிலப் பட்டியலின் 5-ஆம் இனம்: உள்ளாட்சி. அதே மாநிலப் பட்டியலின் 12-ஆம் இனம்: நூலகங்கள், அருங்காட்சியகங்கள். துப்பாக்கி டெல்லிக்கு, நூலகமும் நகராட்சியும் சென்னைக்கு. நூலகத்துக்குள் துப்பாக்கி வந்தால் மூன்று இனமும் ஒரே வாசலில் சந்திக்கும், ஆனால் பேசும் உரிமை டெல்லிக்குத்தான். திருப்பூர் மாநகராட்சி மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அது ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். தீபாவளிக்கு முன் வீரபாண்டி வீதியில் பட்டாசுக் கடை போட நினைப்பவர் எந்த ஆபீஸ் படி ஏறுகிறார் என்று பார்த்தாலே இது புரிந்துவிடும். வெடிபொருளும் மத்தியப் பட்டியலின் அதே 5-ஆம் இனம்.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழவில்லை. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த அவமானம் காங்கிரஸ்காரர்கள் மனத்தில் நெடுநாள் தங்கியது. 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. அகிம்சை பேசிய கட்சியின் தீர்மானம் இது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1948 டிசம்பரில் எச். வி. காமத் இதையே அரசியல் நிர்ணய சபையில் திருத்தமாகக் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமைதான் அரசியலமைப்பில் ஏறியது. அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை; இங்கே அது சலுகை. அங்கே அரசு ‘ஏன் தடுக்கிறாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே மனுதாரர் ‘ஏன் வேண்டும்’ என்ற கேள்விக்கு.

1959 ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உரிமம் கொடுப்பவர் மாவட்ட நடுவர், அதாவது ஆட்சியர். காவல் ஆணையர் நியமிக்கப்பட்ட இடங்களில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஆணையர்தான் என்று சட்டமே சொல்கிறது. திருப்பூர் மாநகரத்துக்கு ஆணையரகம் வந்தபிறகு வீரபாண்டிக்காரர் துப்பாக்கிக்கு ஏற வேண்டிய படி அதுதான். மேயருக்கோ, வார்டு உறுப்பினருக்கோ, நூலகருக்கோ இதில் ஒரு கையெழுத்துக்கூடக் கிடையாது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்துக்காகச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. பின்னது வடக்கத்திக் கல்யாண ஊர்வலங்களை மனத்தில் வைத்து எழுதியது என்பதைப் படித்தாலே தெரியும். நம் ஊர்க் கல்யாணத்தில் வெடிப்பது சரவெடி.

எண்ணிக்கையும் அதைத்தான் காட்டுகிறது. 2016 இறுதியில் மத்திய உள்துறைக் கணக்கின்படி நாடு முழுவதும் நடப்பில் இருந்த உரிமங்கள் சுமார் 33.7 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. கொங்கு நாட்டில் துப்பாக்கி என்றால் கண்ணில் படுவது இரண்டு இடம்: ஏ.டி.எம்மில் பணம் நிரப்ப வரும் வேனின் பக்கத்தில் இரட்டைக்குழலோடு நிற்கும் காவலர். உடுமலை, தாராபுரம் பக்கம் காட்டுப்பன்றிக்குப் பயந்து தோட்டத்துச் சாளையில் பழைய நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி. தேர்தல் அறிவிப்பு வந்தால் அந்த விவசாயி அதைத் துணியில் சுற்றி, டூவீலரில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார். வாக்கு எண்ணி முடியும்வரை மக்காச்சோளத்துக்குக் காவல் நாயும் தகர டப்பாவும்தான். ‘பன்னிக்குத் தேர்தல் தெரியுமாங்க’ என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கும் இப்படி ஒப்படைப்பதிலிருந்து விலக்கு உண்டு.

மேலிருந்து போட்ட கூரையில் ஒரு ஓட்டை வேண்டுமானால் அதையும் மேலேதான் போட வேண்டும். பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கும் பரம்பரை ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய வழக்கம். அதை 2029 வரை நீட்டித்தது மடிக்கேரி நகராட்சி அல்ல, மத்திய அரசு.

அப்படியானால் நூலகத்துக்குத் துப்பாக்கியோடு போகலாமா கூடாதா? நேரான பதில் சட்டப் புத்தகத்தில் நூலகம் என்ற சொல்லோடு இல்லை. 2016 ஆயுத விதிகள், உரிமம் உள்ளவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில், முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. பொது இடத்திலோ துப்பாக்கியில்லாப் பகுதியிலோ அதை உருவிக் காட்டுவதும் சுடுவதும் அடியோடு தடை. ஆக, லான்சிங்கில் முதுகில் மாட்டிக்கொண்டு வந்தவர் வீரபாண்டியில் வந்திருந்தால், நூலகப் பலகையைத் தேட வேண்டியதே இல்லை, சாலையிலேயே பிடித்திருப்பார்கள். உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லாமல் போனதை இங்கே யாரும் உணரவில்லை; மேலே இருக்கும் விதியே போதுமான அளவு கண்டிப்பாக இருக்கிறது. ஒரே மாதிரியான அதிகார அமைப்பு, ஒரு நாட்டில் நூலகரைக் கைகட்டி நிற்க வைக்கிறது, இன்னொரு நாட்டில் அவரை நிம்மதியாக இருக்க விடுகிறது.

உண்மையில் தமிழ்நாட்டுப் பயம் துப்பாக்கியைப் பற்றியதல்ல, அரிவாளைப் பற்றியது. 2021 செப்டம்பரில் பழிக்குப் பழிக் கொலைகள் வரிசையாக நடந்தபோது, அரிவாள் செய்யும் பட்டறைகளில் வாங்குபவரின் விவரத்தைக் குறித்துக்கொள்ளவும் கேமரா வைக்கவும் காவல்துறை அறிவுறுத்தியது. ஆயுதச் சட்டம் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன கருவிகளை ஆயுதம் என்று சொல்வதில்லை; அரிவாள் அந்த எல்லைக்கோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கும். வீரபாண்டி நூலக மேசைக்கு நிச்சயம் வரக்கூடிய கூர்மையான பொருள் ஒன்று உண்டு: செக்கிங் வேலை முடித்து வரும் பெண்ணின் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கும் குடிநீர் பாட்டிலுக்கும் நடுவே, பிசிர் வெட்டும் சின்னக் கத்தரி. விரல் நீளம்கூட இருக்காது. வளையத்துக்குப் பதில் ஒரு வில் போல வளைந்த தகடு. பிடி உறுத்தாமல் இருக்க வேஸ்ட் துணி சுற்றியிருக்கும். எந்த விதியும் அதைத் தடுக்க வேண்டியதில்லை.

தமிழர்களின் நூலக வரலாற்றில் துப்பாக்கி வரவே இல்லையா என்றால், வந்தது. அது உரிமம் தேவைப்படாத துப்பாக்கி.

யாழ்ப்பாணப் பொது நூலகம் யாழ். மாநகர சபையின் நூலகம். 1930-களில் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசகசாலை ஊர் முயற்சியாக வளர்ந்து, 1959-ல் மேயர் அல்பிரட் துரையப்பா காலத்தில் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. அதன் அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், கட்டடத்தை வரைந்தவரும் சென்னைக்காரர். இடம் ஊருக்குச் சொந்தம், பணம் ஊரும் சேர்ந்து திரட்டியது, நிர்வாகம் ஊர் தேர்ந்தெடுத்த சபை. உள்ளாட்சி நூலகம் என்றால் இதைவிட முழுமையான ஒன்றைக் காட்ட முடியாது.

1981 ஜூன் 4-ஆம் தேதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். பாதுகாப்புக்கென்று தெற்கிலிருந்து போலீசார் கொண்டுவரப்பட்டு, நூலகத்துக்கு அருகிலிருந்த விளையாட்டரங்கில் தங்கவைக்கப்பட்டார்கள். மே 31 இரவு தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டம் ஒன்றில் போலீசார் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த வெறியாட்டத்தில் கடைகளும், ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும், யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினரின் வீடும் எரிந்தன. ஜூன் 1 இரவு நூலகம் எரிந்தது. 97,000-க்கும் மேற்பட்ட நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்த பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் சரிந்து விழுந்து இறந்தார். மாநகர சபையால் தன் நூலகத்தைக் காக்க ஒன்றும் செய்ய முடியவில்லை. தீ வைத்தவர்களில் யாரும் தண்டிக்கப்படவும் இல்லை.

2003 பிப்ரவரியில், திருத்திக் கட்டிய நூலகத்தைத் திறக்க மாநகர சபை நாள் குறித்தது. விடுதலைப் புலிகளின் எதிர்ப்பால் விழா நின்றது. மேயரும் உறுப்பினர்களும் பதவி விலகினார்கள். இந்த முறை சீருடை வேறு. சபையின் நிலை அதேதான்.

இந்தியாவின் ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, அரசுப் பணிக்கான ஆயுதங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அது இல்லாமல் போலீஸ் வேலை செய்ய முடியாது, சரிதான். ஆனால் 2019 டிசம்பர் 15 இரவு டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழக வாசிப்பறைக்குள் தடியோடு நுழைந்த காவலர்களின் கேமராப் பதிவு அடுத்த பிப்ரவரியில் வெளிவந்தபோது, மேசைக்கு அடியில் பதுங்கிய மாணவர்களை நாடே பார்த்தது. நூலகத்தில் ஆயுதம் என்று அமெரிக்கர்கள் வாதாடுவது பக்கத்து மேசைக்காரரின் இடுப்பைப் பற்றி. தெற்காசியாவில் நூலகத்துக்குள் ஆயுதம் வந்தபோதெல்லாம் அது அதிகாரத்தோடு வந்தது. அதற்கு எந்தப் பலகையும் எந்த உள்ளாட்சித் தீர்மானமும் எதிரே நிற்கவில்லை. இந்தக் கேள்வியை அமெரிக்கச் சட்டப் புத்தகத்தை வைத்து மட்டும் படித்தால் இந்தப் பாதி விட்டுப்போகும்.

மேல்சட்டத் தடை வீரபாண்டிக்காரருக்குத் தெரியாத சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். நொய்யல் ஆற்றில் சாயம் ஓடியபோது கரையோர ஊராட்சிகளுக்கு டையிங்கை மூடும் அதிகாரம் இல்லை. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில். கடைசியில் கீழே ஒரத்துப்பாளையம் பக்கத்து ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய ஆலைகளையும் மூடச் சொன்னது. வீரபாண்டியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமே இருந்தது; அதற்கும் அதே உத்தரவு. அன்று வேலை போனவர்கள், முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்ற பாடத்தை யாரும் சொல்லாமலே படித்துக்கொண்டார்கள்.

நூலகத்திலும் அதே பாடம் உண்டு, இன்னும் சத்தமில்லாமல். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ல் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வரைவுக்குப் பின்னால் அதே ரங்கநாதன். சட்டமன்றத்தில் கொண்டுவந்த கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார், திருப்பூரில் பிறந்தவர். அந்தச் சட்டம் ஊர்ப் பணத்தை நூலகத்துக்குத் திருப்பும் வழியைக் கண்டது: சொத்துவரியோடு நூலக வரி. இப்போது அது ரூபாய்க்கு 10 காசு. ஐயாயிரம் ரூபாய் சொத்துவரி கட்டும் வீட்டுக்காரர் ஐந்நூறு ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். 2022-ல் தமிழ்நாடு முழுக்கச் சொத்துவரி ஏறியபோது அதுவும் கேட்காமலே ஏறியது. வசூலிப்பது மாநகராட்சி, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு, எந்தப் புத்தகம் வாங்குவது என்பது பெரும்பாலும் சென்னையில் பொது நூலக இயக்ககத்தில் முடிவாகும். வசூலித்த பணத்தை உள்ளாட்சிகள் காலத்தோடு கொடுக்காமல் பாக்கி வைப்பது பல ஆண்டுப் புகார். தப்புத்தான். ஆனால் தன் பேச்சு எடுபடாத இடத்துக்குப் பணம் அனுப்புவதில் எந்த அலுவலகமும் சுறுசுறுப்புக் காட்டியதில்லை.

வீரபாண்டிக்கு இதில் ஒரு தனி நஷ்டம். 1992-ல் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கென்று 29 பொருள்களைப் பட்டியலிட்டது. அதில் 20-ஆவது, நூலகங்கள். 74-ஆம் திருத்தம் நகரங்களுக்குக் கொடுத்த 18 பொருள்களில் நூலகம் என்ற சொல்லே இல்லை. ‘பண்பாடு, கல்வி, அழகியல்’ என்று பொதுவாக ஒன்று இருக்கிறது. 2011-ல் வீரபாண்டி ஊராட்சி திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தபோது, சாலையும் குடிநீரும் கிடைத்த அதே கையெழுத்தில் அந்த ஒரு சொல் போய்விட்டது. பட்டியலில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு என்பது உண்மைதான். 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று கட்டிய நூலகங்களில் எத்தனையோ இன்று பூட்டிக் கிடக்கின்றன. உள்ளூர்க் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதாடுபவர்கள் அந்தப் பூட்டுகளையும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அண்மைக் காலத்தில் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் நூலகத்தோடு கூடிய அறிவுசார் மையங்களைக் கட்டித் தாமே நடத்தத் தொடங்கியிருப்பது வேறு பக்கக் காற்று. போட்டித் தேர்வுப் பிள்ளைகள் அங்கே நிறைகிறார்கள்.

உள்ளூருக்குத் தெரிந்தது, சென்னைக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? வீரபாண்டி லைன் வீடுகளில் மாலை நேரம் நடந்து பார்த்தால் போதும். ஒரு வாசலில் ஒடியாப் பாட்டு, அடுத்ததில் போஜ்புரி, மூன்றாவதில் மதுரைப் பேச்சு. வட மாநிலத் தொழிலாளர் வந்து இருபது ஆண்டு ஆகப்போகிறது. அவர்கள் பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். ஒரு ஒடியா நாளிதழ், நாலு இந்திக் கதைப் புத்தகம் வாங்கி வைக்கலாம் என்று வார்டு உறுப்பினருக்குத் தோன்றலாம். தோன்றினால் அவர் செய்யக்கூடியது, மனு எழுதுவது.

நேரமும் அப்படியே. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழும் ஒன்றரை ஷிப்ட் டெய்லருக்கு, அவர் கம்பெனியை விட்டு வெளியே வரும்போது கிளை நூலகத்தில் விளக்கு அணைந்திருக்கும். மாநிலம் முழுக்கப் பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் ஞாயிறு திறந்திருக்கும். பனியன் கம்பெனிக்கு ஞாயிறுதான் லீவு. யாரும் திருப்பூரை நினைத்துப் போட்ட விதி அல்ல. ஆனாலும் அந்த ஒரு நாள் மட்டும் தறிக்காரரும் கட்டிங் மாஸ்டரும் பத்திரிகை மேசையில் வந்து உட்கார்கிறார்கள். செருப்புகள் வாசலில் குவிந்து கிடக்கும். சுவரில் பலகை. உள்ளே மின்விசிறிச் சத்தத்தில் ஒருவர் தன் வீட்டுச் சொத்துவரி ரசீதை நாளிதழுக்கு அடியில் வைத்து, நூலக வரி என்ற கட்டத்தில் போட்டிருக்கும் தொகையைப் பேனாவால் கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.